அப்பாவின் பெயருக்குக் கீழே ஒரு வரி

அப்பா தன் வாழ்நாளில் என்னிடம் கேட்டது ஒரேயொரு காரியம். தான் செத்த பிறகு பேப்பரில் போடும் மரண அறிவித்தலில், பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் வரும் வரியில் உண்மையைப் போடச் சொன்னார். நான் ஓம் என்றேன். பிறகு போடவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். எனக்குச் சாதகமாக இதில் ஒன்றும் வராது. கடைசியில் ஏதாவது வரும் என்று நினைத்து வாசிப்பவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம், நான் கோபிக்கமாட்டேன்.

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே படம், படத்துக்குக் கீழே பெயர். பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள், அந்த மனிதர் உலகத்தில் என்னவாக இருந்தார் என்று ஒரு வரி இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியர், முன்னாள் புகையிரத நிலைய அதிபர், இன்ன கடை உரிமையாளர். அதற்குப் பிறகுதான் பிறந்த ஊர், இருந்த ஊர், பெற்றார், பிள்ளைகள், சகலன், சம்பந்தி என்று ஊர்வலம் போகும். ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்கப் போனால் வாசலில் இலவசப் பேப்பர் அடுக்கியிருப்பார்கள். என் வயதுக்காரர்கள் அதை எடுத்துப் பின்பக்கத்தைத்தான் முதலில் விரிப்போம். ஆர் போய்விட்டார் என்று பார்த்த பிறகுதான் கத்தரிக்காய்.

அப்பா இருபது வருடத்துக்கு மேலாகக் கொழும்பில் ஒரு தனியார் கம்பனியில் கிளாக்கராக இருந்தார். அது பொய்யில்லை. அதற்கு முன்னால் எட்டு வருடம் ஒரு நடன பாண்டின் தலைவராக இருந்தார். அதுவும் பொய்யில்லை. எங்கள் வீட்டில் முதலாவதைச் சொல்லலாம், இரண்டாவதைச் சொல்லக் கூடாது. இந்த விதியை எனக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தரவில்லை. கதவில் தலை இடிபடாமல் குனியப் பழகுவதுபோலப் பழகிவிட்டேன்.

அந்த எட்டு வருடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது முழுக்க, அம்மா போன பிறகு அவர் சொன்னதுதான். ஐம்பதுகளின் கொழும்பு. கடற்கரையோரமாக ஒரு நைட் கிளப்பில் கிழமை நாட்களில் வாசிப்பார்கள், சனிக்கிழமைகளில் பெரிய ஹோட்டல் ஒன்றின் நடன மண்டபத்தில். ஆறு பேர். அப்பா சாக்ஸபோன். மற்றவர்கள் ட்ரம்பெட், பியானோ, பேஸ், கிட்டார், ட்ரம்ஸ். எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டும், கழுத்தில் கறுப்பு போ டையும். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளாரினெட் ஊதப் பழகிய சைவப் பிள்ளை, கொழும்புக்கு உத்தியோகம் தேட வந்து, வெள்ளைக்காரப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு மேடையில் ஏறிவிட்டார். கிளப்பில் எல்லாருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். எங்கள் அப்பாவின் சொந்தப் பெயர் இருக்கிறதே, யாழ்ப்பாணத்தில் ஒரு கோயில் திருவிழாவில் நின்று அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இருபது பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

"பாண்ட் லீடர் எண்டால் கையை ஆட்டுறவன் எண்டுதானே நினைக்கிறாய்," என்று ஒருநாள் கேட்டார். "இல்லைப் பிள்ளை. அவன்ரை வேலை வாசலைப் பாக்கிறது."

வழக்கமாக வரும் சோடிகள் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பாட்டு உண்டாம். அவர்கள் முதன்முதல் சேர்ந்து ஆடிய பாட்டாக இருக்கும், கலியாணம் கேட்ட அன்று ஒலித்த பாட்டாக இருக்கும். அந்தச் சோடி வாசல் படியில் கால் வைத்ததும், பாண்ட் வாசித்துக்கொண்டிருக்கும் பாட்டை நிறுத்தாமல், ஆடுகிறவர்களின் கால் பிசகாமல், மெல்ல அவர்களுடைய பாட்டுக்குள் திரும்பிவிட வேண்டும். ஒரு அறிவிப்பும் கிடையாது. வந்தவர்களுக்கு மட்டும் விளங்கும். அப்படி நூற்றுக்கு மேற்பட்ட சோடிகளின் பாட்டுகள் அப்பாவின் தலைக்குள் இருந்தன. டாக்குத்தரும் பெண்சாதியும் வந்தால் ஒரு வால்ட்ஸ். புருஷனைப் பறிகொடுத்த ஒரு அம்மா தமையனோடு வந்து மூலை மேசையில் இருப்பாராம். அவருக்கு அவர்களுடைய பழைய பாட்டை சாக்ஸில் மட்டும், பக்கத்து மேசைக்குக் கேட்காத அளவு மெதுவாக ஊதுவாராம். ஒருமுறை தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் படியிறங்குவதைக் கண்டு பழக்கத்தில் அவருடைய பாட்டைத் தொடங்கிவிட்டார். பிறகுதான் பார்த்தாராம், துரையின் கையைப் பிடித்திருந்தது துரைசாணி இல்லை. துரை அப்படியே திரும்பி மேலே ஏறிப் போய்விட்டார். இதைச் சொல்லிவிட்டு அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பார் என்று எனக்கு அறுபது வயதுக்குக் கிட்டத்தான் தெரிய வந்தது. எவ்வளவு கேவலம்.

அம்மாவை அவருக்குப் பேசி முடித்தபோது, மாப்பிள்ளைக்குக் கொழும்பில் உத்தியோகம் என்றுதான் தரகர் சொல்லியிருக்கிறார். என்ன உத்தியோகம் என்று அம்மாவின் ஆட்கள் கேட்டார்கள், கந்தோரில் எழுத்து வேலை என்றார்கள். உண்மை தெரிந்திருந்தால் அந்தக் கலியாணம் நடந்திராது. எங்கள் பகுதியில் காசு வாங்கிக்கொண்டு வாத்தியம் வாசிக்கிறவர்களை எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்று இன்றைக்கு ஒருவரும் சொல்லமாட்டார்கள், சொன்னால் வெட்கம். அம்மாவின் வீட்டில் அவர்களுக்குப் படலைக்கு வெளியே வைத்துத்தான் தேத்தண்ணி கொடுத்தார்கள், அதுவும் தனிக் கோப்பையில். கோட்டுப் போட்டால் என்ன, சாக்ஸபோன் என்றால் என்ன, எல்லாம் அதுதான் என்றுதான் அம்மா நினைத்தா.

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் அப்பா உண்மையைச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் ஒரு சனிக்கிழமை அம்மாவை ஹோட்டலுக்கும் கூட்டிப்போனார். அம்மா கூறைச்சேலை கட்டிக்கொண்டு போனாவாம். அப்பா முன்னால் போய் மேடை ஏறிவிட்டார், அம்மாவை ஒரு வெயிற்றர் பிறகு கூட்டிவந்தான். அம்மா வாசலில் வந்து நின்றதும் பாண்ட் ஒரு புதுப் பாட்டுக்குத் திரும்பியது. மூன்று கிழமையாக யோசித்து அப்பா அம்மாவுக்கென்று தெரிந்தெடுத்து வைத்த பாட்டு. வழக்கமாக வருகிறவர்களுக்கு அந்தச் சங்கதி தெரியும்தானே, ஆர் புதுச் சோடி என்று எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

அம்மா இதை எனக்கு ஒரேயொரு தரம், அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னா. "அவ்வளவு பேரும் என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சவை. நான் என்ன, ஆட்டக்காரியோ?"

அது அவவுக்குக் கொடுத்த மரியாதை என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. அப்பாவும் விளங்கப்படுத்தவில்லை. ஏன் என்று கேட்டேன். "விளங்கப்படுத்த வேண்டி வந்தால் அது பாட்டில்லைப் பிள்ளை," என்றார். எனக்கு அந்தப் பதிலில் கோபம்தான் வந்தது. இரண்டு வசனம் சொல்லியிருந்தால் ஒரு வாழ்க்கை தப்பியிருக்கும். பெரிய மனுசர்களின் ரோசம் என்ன கோதாரிக்கு.

நான் பிறந்த மாதம் அவர் பாண்டை விட்டார். அம்மாவின் நிபந்தனை அது. விட்டது மட்டுமில்லை, அந்த ஆட்களோடு ஒரு தொடர்பும் வைத்திருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை. ஒருநாள் பஸ்ஸில் பழைய பியானோக்காரர் ஏறியபோது, அவர் கண்ணில் படுவதற்கு முன்னால் அப்பா அடுத்த தரிப்பில் இறங்கி நடந்தே கந்தோருக்குப் போனாராம். அவர்களில் ஒருவருக்கும் அப்பா என்ன ஆனார் என்று தெரியாது. கிளாக்கர் ஆனார் என்று தெரியவே தெரியாது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

பிறகு எண்பத்துமூன்றுக் கலவரம் வந்தது. கொழும்பு வீடு எரிந்தது. அகதி முகாமுக்கு அம்மா கையில் எடுத்துக்கொண்டு ஓடியது பத்திரங்கள் உள்ள பையையும், சுவரில் மாட்டியிருந்த கலியாணப் படத்தையும்தான். அந்தப் படம் எங்களோடு கப்பலேறி யாழ்ப்பாணம் போய், பிறகு விமானமேறி டொரன்டோவுக்கு வந்து, மில்லிக்கனில் எங்கள் வீட்டு ஹோல் சுவரில் ஏறியது. அம்மாவின் செத்தவீடு முடிந்து எட்டாம் நாள், அப்பா அந்தப் படத்தை இறக்கிக் குப்புற வைத்து, பின்பக்கத்து மட்டையைக் கழற்றினார். உள்ளே இன்னொரு படம். வெள்ளைக் கோட் போட்ட ஆறு பேர். அம்மா என்னென்ன இல்லையென்று முடிவெடுத்தாவோ, அதையெல்லாம் தானே நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறா.

அன்றைக்குத்தான் அப்பா கதைக்கத் தொடங்கினார். அம்மாவின் மரண அறிவித்தலில், இன்னாரின் அன்பு மனைவி என்ற இடத்தில் அப்பாவின் பெயரும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓய்வுபெற்ற இலிகிதர் என்றும் இருந்தது. கிளாக்கருக்குப் பேப்பர்த் தமிழ் அது. எழுதிக் கொடுத்தது நான்தான். அவர் பேப்பரை வாசித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்தேன். துக்கத்தில் வைக்கிறார் என்று நினைத்தேன்.

அவருக்குத் தொண்ணூறு ஆனபோது இடுப்பு முறிந்தது. வீட்டில் மாடிப்படி, நான் வேலைக்குப் போக வேண்டும், என் மனுசனுக்கும் மிசிசாகாவில் எயார்போட் பக்கம் வேலை. முதியோர் இல்லத்தில் விட்டோம். அங்கேயும் அவர் நாற்காலியை யன்னல் பக்கம் போடவிடமாட்டார். கதவைப் பார்த்தபடிதான் போட வேண்டும். ஆர் உள்ளே வந்தாலும் ஒரு மெட்டை முனகுவார். காலையில் குளிக்க வார்க்கும் பிலிப்பினோப் பெண்ணுக்கு ஒன்று, மருந்து கொடுக்கிறவருக்கு ஒன்று, நிலம் துடைக்கிறவருக்கு ஒன்று. என்ரை மகள் டவுன்டவுனில் வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்தால் அவளுக்குத் துள்ளலாக ஒன்று. அவள் கதவடியில் நின்று இரண்டு அடி ஆடிக் காட்டுவாள்.

"எனக்கு என்ன பாட்டப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். சும்மா பகிடிக்குத்தான் கேட்டேன்.

அவர் யோசித்தார். "நீ பிறந்தவுடனை விட்டிட்டன்தானே. உனக்குப் பாட்டில்லைப் பிள்ளை."

குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. கடையில் சாமான் முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் காருக்குள் வந்து இருந்துகொண்டு அரைமணி நேரம் அழுதேன்.

அந்த மாரிகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அந்தக் காரியத்தைக் கேட்டார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சூப் குடித்து முடித்து வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒருக்கா கிளாக்கர் எண்டு எழுதிப்போட்டாய். கொம்மாவுக்காக எழுதினாய், சரி. என்ரையிலை அப்பிடிப் போடாதை. பாண்ட் லீடர் எண்டு போடு. மற்றப் பேரையும் போடு."

"பாண்ட் லீடருக்குத் தமிழிலை என்னெண்டு போடுறது அப்பா?"

"பாண்ட் லீடர் எண்டே போடு. இல்லாட்டி மேளக்காரன் எண்டு போடு, எனக்குப் பறவாயில்லை. கிளாக்கர் எண்டு மட்டும் போடாதை."

பிறகு காரணத்தையும் சொன்னார். நடனம் முடிகிற நேரத்தில் அவர்கள் எப்போதும் ஒரு வால்ட்ஸ்தான் வாசிப்பார்களாம். மண்டபத்தில் ஒரேயொரு சோடி மிஞ்சியிருந்தாலும் சரி, வெயிற்றர்கள் கதிரை அடுக்கத் தொடங்கினாலும் சரி, அந்தப் பாட்டு முடியுமட்டும் பாண்டில் ஒருவரும் கதிரையை விட்டு எழும்பக் கூடாது. அது அப்பா போட்ட சட்டம். பேஸ்காரர் கார் விபத்தில் செத்தபோது மிச்சம் ஐந்து பேரும் குழிக்குப் பக்கத்தில் நின்று, பியானோக்காரர் மட்டும் வாயால் முனக, அதே வால்ட்ஸை வாசித்தார்கள். அன்றைக்கே பேசிக்கொண்டார்களாம், போகிறவனுக்கு மிஞ்சுகிறவன் வாசிப்பது என்று.

"ஆறு பேரிலை ஆரோ ஒருத்தன் எங்கையோ மிஞ்சியிருப்பான்," என்றார். "ட்ரம்பெட் கடைக்குட்டி. மட்டக்களப்புப் பறங்கிப் பொடியன், வீட்டிலை தமிழ்தான் கதைக்கிறவை. அவன் இருப்பான். பேப்பரிலை மற்றப் பேரைக் கண்டால் வருவான்."

"ஓமப்பா. போடுறன்."

"என்ன போடுவாய்? சொல்லு பாப்பம்."

சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் திருப்பிச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்த ட்ரம்பெட்காரரைத் தேடிப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மகள்கூடக் கேட்டாள். நான் தேடவில்லை. வேலை, வீடு, அவளுடைய கலியாணப் பேச்சு என்று ஓடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாசி மாதம் அப்பா நித்திரையிலேயே போய்விட்டார். அப்போது மகளுக்கும் அஜக்ஸில் இருக்கிற ஒரு பிள்ளைக்கும் கலியாணப் பதிவு எழுதி இரண்டு மாதம், தாலி கட்டு இனித்தான். பிள்ளைகள் தாங்களாகவே பார்த்து விரும்பியதுதான். ஆனால் பெடியனின் ஆட்கள் அம்மாவின் ஊர். அம்மாவின் ஆட்களைத் தெரிந்த ஆட்கள். செத்தவீட்டுக்கு அவர்கள் ஒரு வான் நிறைய வருவார்கள், அறிவித்தலை வெட்டி வைத்துக்கொண்டு முறை பார்ப்பார்கள்.

பேப்பர்க்காரத் தம்பி டெலிபோனில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறந்த இடம், இருந்த இடம், பெற்றார் பெயர் எல்லாம் சொன்னேன்.

"பேருக்குக் கீழை என்ன போட, அக்கா?"

என்ரை வாய் திறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரண்டு சொல்லும் நாக்கின் நுனியில் நின்றன. அஜக்ஸ்காரர்கள் ஹோலில் இருந்து அதை வாசிக்கிற காட்சியும் கூடவே வந்து நின்றது. மாமியார்க்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப வாசிக்கிறா.

"ஓய்வுபெற்ற இலிகிதர்," என்றேன்.

"வேறை பேர் ஏதும் அடைப்புக்குறியிலை, பிறக்கெற்றிலை?"

"இல்லை."

ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. அம்மா உயிரோடு இல்லை. மனுசன் பக்கத்தில்கூட இல்லை. நானாகத்தான் சொன்னேன்.

செத்தவீட்டில் தேவாரம் படித்தார்கள், பொற்சுண்ணம் இடித்தார்கள், என் மனுசன் கொள்ளி வைத்தார். வேட்டி சால்வையோடு, விபூதிப் பூச்சோடு அப்பா படுத்திருந்தார். ஒரு நல்ல ஓய்வுபெற்ற இலிகிதர். சனம் நிறைய வந்தது. நான் பெட்டியடியில் நின்றுகொண்டு மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதாமல் விட்டது நான். பிறகு ஆர் வருவார் என்று பார்த்தேனோ தெரியாது. சாம்பலை ஏரியில் கரைத்தோம்.

மகளிடம் அன்றைக்குப் பின்னேரம் சொன்னேன். "அம்மா, தாத்தா ஆஸ்க்ட் யூ வன் திங்," என்றாள். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

கலியாணம் முடிந்தது. ஆண்டுத் திவசம் வந்தபோது நினைவஞ்சலி போட வேண்டும். இந்தமுறை நான் பேப்பர்க்காரத் தம்பி கேட்குமுன்னமே சொன்னேன். பெயருக்குக் கீழே பாண்ட் லீடர் என்று போட்டார். பிறக்கெற்றில் அந்த மேடைப் பெயரும் வந்தது. படம் அதே படம்தான். திவசத்துக்கு அஜக்ஸ் சம்பந்தியார் வந்தார்கள். நான் சாப்பாடு பரிமாறும்போது அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா வடை நல்லா மொறுமொறுப்பு என்றா. சம்பந்தி ஐயா, 401 நெடுஞ்சாலையில் எங்கேயோ தெருவேலை நடக்கிறது, திரும்பிப் போகக் கனநேரம் எடுக்கும் என்றார். பேப்பர் மேசையில்தான் கிடந்தது. அதன்மேல் தண்ணிப் போத்தலை வைத்திருந்தார்கள். நான் ஆருக்குப் பயந்தேனோ அவர்கள் ஒருவரும் அந்த வரியை வாசிக்கவில்லை. முதலாவது தரமும் வாசித்திருக்கமாட்டார்கள்.

மூன்றாம் நாள் டெலிபோன் வந்தது. வயதுபோன ஆண் குரல். சொற்கள் கொஞ்சம் வழுக்கின.

"புள்ள, நான் மிசிசாகாவில இருந்து கதைக்கிறன். பேப்பரில உங்கட அப்பாட படம் பார்த்தன். பேருக்குக் கீழ பாண்ட் லீடர் எண்டு கிடக்கு. அது மெய்யா?"

"ஓம். மெய்தான். நீங்கள்?"

"நான் ட்ரம்பெட்."

நான் கதிரையைத் தேடிப் பிடித்து இருந்தேன். அவர் முப்பது வருடமாக மிசிசாகாவில் இருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து, தெரு நல்லாயிருந்தால், முக்கால் மணித்தியாலம். என் மனுசன் ஒவ்வொருநாளும் வேலைக்குப் போகிற வழி. கிழமைக்குக் கிழமை தமிழ்க் கடையில் பேப்பர் எடுத்து, பின்பக்கத்தைப் பார்த்து, மடித்து வைக்கிறவராம்.

"போன வருசமும் இந்தப் படம் வந்ததுதானே, புள்ள," என்றார். "நான் பார்த்தன். முகத்தப் பார்த்தா எங்கட பாண்ட் மாஸ்டர் மாதிரிக் கிடந்தது. கனநேரம் பார்த்துக்கொண்டு இருந்தன். அந்த மற்றப் பேரும் இல்ல, கீழ இலிகிதர் எண்டு கிடந்தது. மாஸ்டர் கந்தோருக்குப் போற ஆளில்ல, இது வேற ஆரோ எண்டு நினைச்சு, மறுகா மடிச்சு வெச்சிட்டன்."

நான் மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகமில்லை. அழுதுகொண்டே ஒன்றைக் கேட்டது ஞாபகமிருக்கிறது. "அந்தக் கடைசி வால்ட்ஸை அப்பாவுக்காக ஒருக்கா ஊதுவியளோ? நான் அப்பான்ரை படத்தைக் கொண்டு வாறன்."

அந்தப் பக்கம் கதிரை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. "வாங்க புள்ள," என்றார். "வாங்களன்."

சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு வெள்ளைக் கோட்டுப் படம் மடியில் இருந்தது. அப்பார்ட்மென்ட் கதவைத் திறந்தவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கறுப்பு போ கட்டி நின்றார். எண்பத்தைந்து வயதிருக்கும். சிரித்தார். முன்வாய் முழுக்க வெறுமையாக இருந்தது, மேலும் கீழும்.

"இந்த மார்கழியில ஐஸில வழுக்கி விழுந்திட்டன்," என்றார். "முன்பல்லு முழுக்கப் போயிட்டுது. பொய்ப்பல்லு கட்டித் தந்தாங்க, சாப்பிடப் போதும். ட்ரம்பெட்டுக்குப் பல்லு வேணும் புள்ள. உதட்டுக்குப் பின்னால தாங்கிப் பிடிக்கிறது பல்லுதான். இல்லாட்டிக் காத்துத்தான் போகும்." பிறகு, நான் கேட்காமலே, என்னைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போன வருசம் மாசியில நல்லா ஊதினன். சேர்ச்சில ஊதினன்."

அவர் படத்தை வாங்கி ஒவ்வொரு முகமாக விரல் வைத்து ஆர் எப்போது போனது என்று சொன்னார். பேஸுக்கு அப்பாவோடு நின்று வாசித்ததைச் சொன்னார். பியானோவுக்கும் ட்ரம்ஸுக்கும் கொழும்பில் வாசித்தாராம். கிட்டார் மெல்பேர்னில் செத்தபோது டெலிபோனில் வாசித்தாராம், அங்கே பெட்டிக்குப் பக்கத்தில் ஆரோ றிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். அப்பாவின் முகத்தில் விரல் வந்ததும் நின்றது. "நாலு பேருக்கும் வாசிச்சன்," என்றார். "மாஸ்டருக்காகத்தான் பேப்பரப் பார்த்துக்கொண்டு இருந்தன்."

எனக்கு நிலத்துக்குள் போய்விட வேண்டும்போல இருந்தது. மகள் என் முதுகில் கை வைத்தாள். ட்ரம்பெட் மேசையில் மினுக்கி வைத்திருந்தது. அவர் படத்தை எதிரே பூச்சாடியில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கதிரையை இழுத்து நிமிர்ந்து இருந்தார். ட்ரம்பெட்டைத் தூக்கி வாயில் வைத்தார். ஊதவில்லை. விரல்கள் மட்டும் மூன்று கட்டைகளையும் அமுக்கத் தொடங்கின. டக், டக் டக் என்ற சத்தம் மட்டும்தான். கால் நிலத்தில் மூன்று மூன்றாகத் தட்டியது. கண்ணை மூடியிருந்தார், அவருக்குக் கேட்டிருக்கும். எனக்குக் கேட்கவில்லை. அப்பாவின் அந்தக் கடைசிப் பாட்டு எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நடுவில் மகளின் போன் அதிர்ந்தது. அவள் வெளியே போய்க் கதைக்க எழும்பப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து இருத்தினேன். அவர் கட்டையிலிருந்து விரலை எடுக்குமட்டும் நாங்கள் எழும்பவில்லை.